கத்தி படாத சிப்பி

மன்னார்த் தீவை விட்டுப் பெருநிலத்துக்கு வந்து, கரையோரமாகத் தெற்கு நோக்கிச் செல்லும்போது, அநுராதபுரத்துப் பழங்குளங்களை நிறைத்து மிஞ்சிய நீரைச் சுமந்துவரும் அருவியாறு கடலோடு கலக்கும் பகுதியில் இருக்கும் அரிப்பு என்னும் சிற்றூர், இன்று அவ்வழியே போகிறவர்களுக்கு ஒரு மீனவக் கிராமமாக மாத்திரமே தோன்றும். ஆயினும் போர்த்துக்கேயர் இங்கே ஒரு கோட்டை கட்டினர். 1658 ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் மன்னாரைக் கைப்பற்றியபோது அதுவும் அவர்கள் வசமாயிற்று. கண்டியரசனின் சிறையில் பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேல் வாடிய றொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயர், அருவியாற்றங்கரைக் காடுகளினூடே தப்பியோடி வந்து, 1679 ஆம் ஆண்டு அக்டோபர் 18 ஆம் திகதி விடுதலை மூச்சு விட்டது இந்தக் கோட்டை வாசலிலேதான். பின்னர், இலங்கையின் முதல் ஆங்கிலத் தேசாதிபதியாகிய பிரெடெரிக் நோர்த், கிரேக்கத் தூண்களை நினைவூட்டும் மாளிகையொன்றைக் கடலை நோக்கிய மேட்டின்மீது எழுப்பினார். கரை அரிக்கப்பட்டு, அதன் சுவர்கள் துண்டு துண்டாகக் கடலுக்குள் சரிந்துகொண்டிருக்கின்றன.

கோட்டை கட்டினவர்களும் மாளிகை எழுப்பினவர்களும் இந்த வறண்ட கரையின் அழகைக் காண வந்தவர்களல்லர். அரிப்புக்கு மேற்கே, கரையிலிருந்து சில மைல் தூரத்தில், ஐந்து முதல் பத்துப் பாகம் ஆழத்தில், கடலடிப் பாறைகளைப் பற்றிக்கொண்டு வாழும் உள்ளங்கையளவுச் சிப்பியொன்றே அவர்கள் அனைவரையும் இழுத்தது. பெரிய பார், செவல் பார் என்று மீகாமர் பெயரிட்டழைத்த அப்பாறைத் திட்டுகளில் விளைந்த முத்தின் கதையைப் பலர் எழுதியிருக்கின்றனர். குளியாட்களின் துணிவு, வியாபாரிகளின் ஆசை, அரசாங்கத்தின் வருமானம் என்று அக்கதைகள் விரிகின்றன. நான் இங்கே ஆராய விரும்புவது அவற்றினும் சிறியதொரு விஷயம். சிப்பியின் உடலில் எந்த இடத்தில், எவ்வளவு ஆழத்துக்கு, எத்தகைய ஆயுதத்தால் கீறுவது என்ற கேள்வி, முத்துக்காகவே பிழைத்த இந்தக் கரையில் நூற்றாண்டுக் கணக்காக எழவேயில்லை. எழாமற் போனதற்குத் தக்க காரணமிருந்தது. அது எழுந்து விடை கண்ட காலத்தில், அரிப்பு தன் வியாபாரத்தை இழந்துகொண்டிருந்தது.

அரிப்பிலும், அதற்குத் தெற்கேயுள்ள சிலாவத்துறை, கொண்டச்சி, மரிச்சுக்கட்டி ஆகிய இடங்களிலும் சலாபம் என்னும் முத்துக்குளிப்பு கூடிய காலத்தில் நடந்த முறையைச் சற்று விவரித்தாலன்றி இது விளங்காது. மாசி, பங்குனி மாதங்களில் வாடைக் காற்று அடங்கிக் கடல் தெளிந்ததும், தூத்துக்குடியிலிருந்தும் கீழக்கரையிலிருந்தும் காயலிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும், பிற்காலத்தில் பாரசீக வளைகுடாவிலிருந்துங்கூட, குளியாட்கள் தங்கள் வள்ளங்களில் வந்து சேருவார்கள். வெறும் மணற்காடாகக் கிடந்த கரையில் சில தினங்களுக்குள் ஓலைக் கொட்டகைகளும் கடைத்தெருக்களும் கச்சேரியும் வைத்தியசாலையும் எழும்பும். கல்லைக் காலிற் கட்டி இறங்கிய குளியாள் ஒரு மூச்சில் அள்ளிய சிப்பிகள் வள்ளம் வள்ளமாகக் கரைக்கு வரும். அரசாங்கத்தின் பங்கும் குளியாட்களின் பங்கும் எண்ணிப் பிரிக்கப்படும். அரசாங்கத்தின் பங்கு அன்று மாலையே ஆயிரம் சிப்பிக்கு இவ்வளவு என்று ஏலத்தில் விழும். வாங்கினவன் எடுத்துச் செல்வது மூடிய சிப்பி. உள்ளே இருப்பது ஆணி முத்தா, தூளா, ஒன்றுமேயில்லையா என்பது அவனுக்கும் தெரியாது. விற்ற கலெக்டருக்கும் தெரியாது.

இனி அந்தச் சிப்பியைத் திறக்க வேண்டும். பாரசீக வளைகுடாவில் வள்ளத்தின் மேற்றட்டிலேயே வளைந்த சிறு கத்தியால் சிப்பியைப் பிளந்து, சதையை விரலால் தடவி முத்தைத் தேடுவது சம்பிரதாயமாயிருந்தது. முத்தினும் ஓட்டுக்கே விலை அதிகமாயிருந்த ஆஸ்திரேலியக் கடலிலும் கத்தியே ஆயுதம். அரிப்பிலோ, பெருவியாபாரி எவனும் கத்தியைத் தொட்டதில்லை. அவன் தன் சிப்பிகளைக் கொட்டு எனப்படும் வேலியடைத்த முற்றத்தில் குவித்து, அல்லது குடைந்த மரத் தொட்டிகளில் நிரப்பி, அழுக விட்டுவிடுவான். ஒரு வாரத்துக்கு மேல் வெயிலும் ஈயும் புழுவுமே அங்கே வேலைக்காரர். அந்த நாற்றத்தைச் சலாபத்தைக் கண்ட யாத்திரிகர் ஒருவரேனும் எழுதாமல் விட்டதில்லை. காற்றுத் திரும்பினால் பல மைலுக்கு அப்பாலும் மூக்கைப் பொத்த வேண்டியிருக்கும். 1906 ஆம் ஆண்டுச் சலாபத்தில் இளம் உத்தியோகத்தராக மரிச்சுக்கட்டியில் கடமையாற்றிய லெனார்ட் வுல்ஃப், பிற்காலத்தில் பேரெழுத்தாளர்களின் நடுவே லண்டனில் வாழ்ந்தபோதும் அந்த நாட்களை மறவாமல் எழுதினார்.

சதை கரைந்து நீராகியபின் தொட்டியில் கடல்நீர் வார்ப்பார்கள். கூலியாட்கள் தொட்டியின் ஒரே பக்கத்தில் வரிசையாக அமர்வார்கள். எதிர்ப்பக்கத்தில் காவற்காரன் நிற்பான். கை நீருக்குள்ளேயே இருக்க வேண்டும். வாயருகே போகக் கூடாது. ஓடுகளை ஒன்றோடொன்று தேய்த்துக் கழுவி, ஓட்டில் ஒட்டிப் பிறந்த முத்து உண்டாவெனத் தடவிப் பார்த்து, இருந்தால் அதனை ஒதுக்கி, மற்றவற்றை வீசுவார்கள். நீரை மீண்டும் மீண்டும் வடித்தால், அடியில் மணலும் ஓட்டுத் தூளும் முத்தும் கலந்த ஒரு வண்டல் மிஞ்சும். அதைத் துணியில் உலர்த்தி, பெரிய முத்துக்களைப் பொறுக்கியபின், நுண்ணிய முத்துக்களைத் தேடும் பொறுப்பைப் பெண்களிடமும் சிறுவர்களிடமும் விடுவார்கள். கடுகினும் சிறிய முத்தும் அவர்கள் கண்ணுக்குத் தப்பாது.

இந்த முறையை அநாகரிகமென்றும் சுகாதாரத்துக்குக் கேடென்றும் இகழ்ந்த ஐரோப்பியர் பலர். வாந்திபேதியும் காய்ச்சலும் சலாபத்தில் அடிக்கடி புகுந்தது மெய்யே. ஆயினும் அழுகவிடும் முறை அறியாமையிற் பிறந்ததென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அரிப்புச் சிப்பி சிறிது; ஓட்டுக்கு விலையில்லை; முத்துக்களிற் பெரும்பாலானவை சதையின் மடிப்புகளிலும் தசையின் அடியிலும் மறைந்திருக்கும் பொடி மணிகள். கோடிக்கணக்கில் வந்து குவியும் சிப்பிகளைத் தனித்தனியே கத்தியாற் பிளப்பதற்கு ஆளில்லை. ஆள் கிடைத்தாலும், பிளக்கும் கை ஒவ்வொன்றும் திருடக்கூடிய கை. கத்தி நுனி பட்டால் முத்தின் மேற்றோல் கீறுண்டு விலை போய்விடும். அழுகலோ எந்த முத்தையும் கீறாது, எதையும் திருடாது, எதையும் தவறவிடாது. கடைத்தெருவில் ஐந்து பத்துச் சிப்பி வாங்கி அங்கேயே குந்தியிருந்து பிளந்து தன் அதிர்ஷ்டத்தைச் சோதித்த ஏழையொருவன்தான் அந்தக் கரையில் கத்தியை உபயோகித்தவன்.

அரிப்பில் இரும்பு நுனி உரிமையோடு புகுந்த இடம் வேறு: அது சிப்பியில் அன்று, முத்தில். கழுவி எடுத்த முத்துக்களைப் பத்துப் பித்தளைப் பெட்டிகளில் அடுத்தடுத்துச் சலித்து, இருபது கண்ணுள்ள பெட்டியில் தங்கியவை இன்ன தரம், ஆயிரம் கண்ணுள்ள பெட்டியில் தங்கியவை இன்ன தரம் என்று அளவால் பிரித்து, பின் உருட்சியும் ஒளியும் நோக்கி மறுபடி வகுத்து, மஞ்சாடியிட்டு நிறுத்து விலை கட்டியபின்னர், அவற்றைத் துளைப்பவனிடம் ஒப்படைப்பார்கள். அவனுடைய தொழிற்கருவிகளைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இப்பகுதிக்கு வந்த ஆங்கிலேயர் நுணுக்கமாக வர்ணித்திருக்கின்றனர். தலைகீழாக நிறுத்திய கூம்பு போன்ற மரக்கட்டை. அதற்கு மூன்று குட்டைக் கால்கள். மேற்பரப்பில் பல அளவுகளிற் குழிகள். முத்தைத் தனக்கேற்ற குழியில் அழுத்தி அசையாமல் இருத்துவான். மூங்கில் வில்லின் நாண் சுற்றிய துரப்பணத்தின் கீழ்நுனியில் நன்றாகப் பதமிட்ட ஊசி. மேல்நுனி அவனுடைய நெற்றியில் தாங்கிய தேங்காய்ச் சிரட்டைத் துண்டில் சுழலும். முழங்காலின்மேல் வேறொரு சிரட்டையில் நீர். வலக்கை வில்லை இழுத்துக்கொண்டிருக்கும்போதே அதன் சுண்டுவிரல் சிரட்டை நீரிற் தோய்ந்து ஊசிமுனையை நனைத்துவிட்டு மீளும். வில்லின் ஓட்டம் ஒருகணமும் தடைப்படாது. நனையாவிட்டால் ஊசியின் சூட்டில் முத்து மங்கிப்போகும். இரண்டு மூன்று நிமிஷத்தில் ஒரு முத்துத் துளைபடும்.

கைவேகத்தைக் கண்டு வியந்த அந்த ஐரோப்பியர் கவனியாத ஒன்று, ஊசியை வைக்குமுன் துளைப்பவன் செய்த ஆலோசனை. முத்தொன்று அவன் கைக்கு வந்ததும், அதை விரலிடையே உருட்டி, எங்கே சிறு பள்ளம், எங்கே மங்கல், எங்கே ஒட்டிய தழும்பு என்று தேடுவான். அந்தக் குறையிருக்கும் இடமே துளைக்குரிய இடம். துளையாலேயே குறை மறைந்துவிடும், மாலையில் கோத்தபின் பக்கத்து முத்து அதன் வாயை மூடிக்கொள்ளும். குறையில்லாத முத்தாயின் எந்த அச்சில் துளைத்தால் அது நேராகத் தொங்கும், எந்த முகம் பார்ப்பவர் கண்ணுக்குத் திரும்பும் என்று கணிப்பான். ஒருபுறமிருந்து முழுதும் துளைத்தால், ஊசி வெளியேறும் வாயில் படலம் சிதறும். ஆகையால் பாதிவரை துளைத்துத் திருப்பி மறுபுறமிருந்து வந்து நடுவிற் சந்திக்கச் செய்வான். உடலைத் திறக்கும்போது வடு எங்கே விழ வேண்டும், எங்கே விழக் கூடாது என்ற சிந்தனை, இந்தக் கரையில் சத்திரவைத்தியரிடத்தில் தோன்றுமுன் இவர்களிடத்தில் முதிர்ந்திருந்தது.

ஆனால் உயிருள்ள சிப்பிக்குள் முத்து எவ்வாறு உண்டாகிறது என்று இவர்களுட் பலர் கேட்கவில்லை. மழைத்துளி விழுந்து முத்தாகிறதென்ற பழைய கவிதை நம்பிக்கை போதுமானதாயிருந்தது. இந்தக் கரையில் முதன்முதலில் இக்கேள்வியைச் சாஸ்திரமுறையில் எழுப்பினவர், இலங்கையிலேயே பிறந்து இராணுவ வைத்தியராகப் பணிபுரிந்த எட்வர்ட் பிரெடெரிக் கெலார்ட். 1855 ஆம் ஆண்டுக்கு முன் பார்கள் பல்லாண்டு வெறுமையாய்க் கிடந்ததனால் கவலையுற்ற அரசாங்கம், 1857 ஆம் ஆண்டில் அவரை நியமித்தது. சிப்பி தன் நார்க்கயிற்றை அறுத்துவிட்டு வேறிடம் நகர்ந்து மீண்டும் ஒட்டிக்கொள்ள வல்லதென்பதையும், சிப்பியின் உடலினுட் புகும் நுண்புழுக்களே முத்துக்குக் கருவாகின்றன என்ற அபிப்பிராயத்தையும் அவர் வெளியிட்டார். 1860 ஆம் ஆண்டில் அவர் காலமானதால் ஆராய்ச்சி பாதியில் நின்றது.

1902 ஆம் ஆண்டில் லிவர்பூல் சர்வகலாசாலைப் பேராசிரியர் வில்லியம் ஹேர்ட்மன், தம் உதவியாளர் ஜேம்ஸ் ஹோர்னெலுடன் வந்து அந்த ஆராய்ச்சியை மறுபடி எடுத்தார். லண்டன் றோயல் சொசைட்டி வெளியிட்ட அவர்களுடைய ஐந்து பாக அறிக்கை இன்றும் மன்னார்க் கடலைப் பற்றிய அரிய பொக்கிஷம். பெரிய பாரில் இளஞ்சிப்பிகள் ஆண்டுதோறும் கோடிகோடியாகத் தோன்றுவதும், தென்மேற்குப் பருவக்காற்று கிளறும் மணலினால் அவை முதிராமலே அழிந்துபோவதும் அதில்தான் தெளிவாகின. சிப்பியைத் தின்னும் திருக்கை மீனின் வயிற்றில் முதிர்ந்து, சிப்பியின் சதைக்குள் குஞ்சுப் பருவத்தைக் கழிக்கும் ஒரு நாடாப்புழுவே நல்ல முத்துக்குக் காரணமென்று அவர்கள் தீர்மானித்தனர். இதனை ஏற்காத அறிஞர்களும் உண்டு. சிப்பியின் ஓட்டை உட்புறமாகச் சுரக்கும் மேலுறைத் தோலின் செல்கள் எக்காரணத்தாலோ உள்ளே புகுந்து ஒரு பையாக மூடிக்கொண்டால் அந்தப் பைக்குள் முத்து விளையுமென்றும், புழு வெறும் சாக்கே என்றும் அவர்கள் வாதித்தனர். பிற்காலம் இவர்கள் பக்கமே சாய்ந்தது.

இந்தச் சிறு பேதம் புத்தகப் பூச்சிகளின் சண்டையாகத் தோன்றலாம். ஆனால் அரிப்பின் தலைவிதி அதனுள்ளேயே இருந்தது. முத்து ஒரு நோயென்று கொண்டால், முத்தைப் பெருக்கும் உபாயம் நோயைப் பரப்புவது. திருக்கையையும் புழுவையும் போஷித்துக் காத்திருப்பது. முத்து ஒரு தோலின் சுரப்பென்று கொண்டால், அந்தத் தோலில் ஒரு துண்டை வெட்டி எடுத்து, உடலைக் கீறி, வேண்டிய இடத்தில் நாமே வைத்துவிடலாம். ஒருவழி பொறுமையைக் கேட்டது. மற்றவழி கத்தியைக் கேட்டது. அரிப்பு முதல்வழியைத் தேர்ந்தது. 1906 ஆம் ஆண்டில், முந்திய சில சலாபங்களின் பெருவருமானத்தைக் கண்டு மயங்கிய லண்டன் முதலாளிகள் இலங்கை முத்துக்குளிப்புக் கம்பெனி என்றொன்றை நிறுவி, ஆண்டுக்கு 3,10,000 ரூபாய் வாடகையில் இருபது ஆண்டுக் குத்தகை எழுதிக்கொண்டனர். பெரிய பாரின் இளஞ்சிப்பிகளை அள்ளிப் பாதுகாப்பான பார்களில் விதைத்துப் பார்த்தனர். சாஸ்திரிகளைச் சம்பளத்துக்கு வைத்தனர். 1907 ஆம் ஆண்டுக் குளிப்புக்குப் பின்னர் பார்கள் வெறுமையாயின; 1912 ஆம் ஆண்டளவில் கம்பெனி கலைந்தது.

அதே 1907 ஆம் ஆண்டில், ஜப்பானில் தத்சுஹெய் மிசே என்னும் தச்சரும், தோகிச்சி நிஷிகாவா என்னும் மீன்வளச் சாஸ்திரியும் தனித்தனியே தங்கள் உரிமைப் பத்திரங்களுக்கு விண்ணப்பித்தனர். ஓட்டின் உட்புறத்தில் மணியை ஒட்டி அரைக்கோள முத்து விளைவிக்கும் வித்தை அதற்கு முன்னரே உலகில் இருந்தது. சீனத்து ஏரிகளில் நன்னீர்ச் சிப்பிக்குள் சிறு புத்தர் உருக்களை வைத்து முத்துப்பூச்சு ஏற்றியது பல நூற்றாண்டுப் பழைமை. ஸ்வீடன் தேசத்து லின்னேயஸ் ஓட்டைத் துளைத்து வெள்ளிக் கம்பியில் மணியைச் செருகிப் பார்த்தார். ஆஸ்திரேலியாவில் சவில்-கென்ட் என்பவரும் முயன்றார். 1893 ஆம் ஆண்டில் ஜப்பானியராகிய மிக்கிமோத்தோ அரைமுத்தை விளைவித்துக் காட்டினார். ஆனால் ஓட்டோடு ஒட்டியது ஒருபுறம் தட்டையாயிருக்கும். உருண்டை முத்து வேண்டுமாயின் மணி ஓட்டை விட்டு விலகிச் சதைக்குள் போக வேண்டும். அதோடு மேலுறைத் தோலின் துண்டொன்றும் போக வேண்டும். மிசேயும் நிஷிகாவாவும் கண்டது இதுதான்.

அந்தச் சிகிச்சையின் விவரத்தைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். சிப்பி தன் ஓடுகளை இறுக மூடிக்கொள்ளும் பிராணியாதலால், முதலில் அதை மெந்தோல் கலந்த நீரில் வைத்து மயக்குவார்கள். தசை தளர்ந்து வாய் திறந்ததும் மரஆப்பு ஒன்றை இடையே செருகி, பிடிப்புள்ள ஒரு தாங்கியில் நிறுத்துவார்கள். செவுள்களையும் மேலுறையையும் ஒதுக்கினால், நாவைப் போன்ற கால் தெரியும். அதைக் கொக்கியால் பிடித்து நீட்டி, அதன் அடியில் கூரிய கத்தியால் ஒரு சிறு கீறல். கீறல் அவ்வளவே. அதன் வழியாக ஊசியை நுழைத்து, தோலுக்கு அடியிலேயே சுரங்கம்போல வழி திறந்து, சினையுறுப்பின் நடுவை அடைவார்கள். வேறொரு சிப்பியை வெட்டி, அதன் மேலுறை விளிம்பிலிருந்து இரண்டு மூன்று மில்லிமீற்றர் சதுரமாக நறுக்கிய தோல்துண்டை அவ்வழியே கொண்டுபோய் வைப்பார்கள். அதன் சுரக்கும் முகத்தைத் தொட்டுக்கொண்டு நிற்கும்படி, ஓட்டைக் கடைந்து செய்த கருமணியை அடுத்து விடுவார்கள். அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுச் சிப்பியின் கனமான ஓடே கருமணிக்கு உகந்ததென்று உலகம் முழுதும் வாங்கப்பட்டது. ஒரு துளைப்பவனின் கையும் ஒரு சத்திரவைத்தியரின் அறிவும் கூடினாலன்றி இது நிறைவேறாது.

சினையுறுப்பின்மீதே நேராக வெட்டினாலென்ன என்று கேட்கலாம், வழி குறுகுமே. ஆனால் அந்த மெல்லிய தோல் வெட்டினால் வாய்பிளந்து நிற்கும். மணி வந்த வழியே வெளியேறிவிடும். காலின் அடியோ தசைச் செறிவுள்ள இடம்; கீறல் தானாகவே சுருங்கி மூடும்; மணிக்கும் கீறலுக்கும் இடையே நீண்ட சுரங்கம் இருப்பதால், காயம் ஆறுமுன் மணி நழுவுவது அரிது. சுரங்கத்தைக் கொஞ்சம் விலகி ஓட்டினால் குடல் வளைவு அறுபட்டுச் சிப்பி இறக்கும். கீறல் பெரிதானால் மணியை உமிழும். சிறிதானால் மணி நுழையும்போது சதை கிழியும். தோல்துண்டு மணியைத் தொடாவிட்டால், ஆண்டுக் கணக்கிற் காத்திருந்தபின் கிடைப்பது பூச்சில்லாத அதே மணி. சினை முற்றிய பருவத்தில் செய்தாலோ, கத்தி பட்டவுடன் சினைநீர் பொங்கி வழியை மறைத்துவிடும். ஆகையால் சினை கழிந்து இளைத்திருக்கும் பருவமே ஏற்றது. ஒரு மணியா, இரண்டா, குடல் வளைவுக்குக் கீழா, ஈரலின் ஓரமா என்பதெல்லாம் சிகிச்சை செய்வாரின் தேர்ச்சியையும் சிப்பியின் வயதையும் பொறுத்து மாறின.

இதைப் படிக்கும்போது, மனித உடலிற் செய்யப்படும் ஒரு சிகிச்சை நினைவுக்கு வருவதைத் தவிர்க்க முடியவில்லை. 1962 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் தோமஸ் குரோனின், பிராங்க் ஜெரோ என்னும் வைத்தியர் இருவர், சிலிக்கோன் பையை ஒரு பெண்ணின் மார்பகத்தினுள் முதன்முதலாக வைத்தனர். நோயினால் மார்பை இழந்தவர்களுக்கும், தம் விருப்பத்தின்படி நாடுவோர்க்கும் இன்று எங்கும் செய்யப்படும் அச்சிகிச்சையில், வைத்தியரும் அப்பெண்ணும் முதலிலே கலந்தாலோசிக்கும் விஷயங்களில் ஒன்று, கீறலை எங்கே வைப்பது என்பதே. மார்பின் கீழ்மடிப்பில் வைத்தால் வழி நேரானது, கண்ணாற் பார்த்துச் செய்யலாம், ஆனால் மார்பிலேயே ஒரு கோடு மிஞ்சும். முலைக்காம்பைச் சூழ்ந்த கருவட்டத்தின் விளிம்பில் வைத்தால் இரு நிறங்களின் எல்லையில் வடு மறையும். ஆனால் பாற்குழாய்களில் இயல்பாக வாழும் கிருமிகளைப் பை தீண்டக்கூடும். அக்குளில் வைத்தால் மார்பில் வடுவே இராது. ஆனால் தூரத்திலிருந்து சுரங்கம் ஓட்டி, பை இருக்குமிடத்தைச் செம்மையாக அமைப்பது கடினம். வடுவை மறைப்பதும் வழியைச் சுருக்குவதும் ஒரே கீறலில் அமைவது அரிது. ஒன்றை விரும்பினால் மற்றதில் சிறிது விட்டுக்கொடுக்க வேண்டும். பை உள்ளே சென்றபின் உடல் அதைச் சுற்றி ஒரு நாருறையைக் கட்டிக்கொள்கிறது. அவ்வுறை சிலருக்கு இறுகிக் கடினமாகித் துன்பம் தருவதால், வைத்தியர் அதை அடக்கவே பாடுபடுகின்றனர். சிப்பியின் உடலும் அந்நியமான மணியைச் சுற்றிப் பை கட்டுகிறது. அங்கே அந்தப் பைதான் வேண்டியது. சிப்பியிடம் சம்மதம் கேட்பாரில்லை என்பது மற்றொரு வேறுபாடு.

ஜப்பானிய உருண்டை முத்து 1921 ஆம் ஆண்டில் லண்டன் சந்தையை அடைந்தபோது எழுந்த கூக்குரலும், அது மெய்யா பொய்யா என்று பாரிஸ் நியாயஸ்தலம் வரை நடந்த வழக்கும் பிரசித்தம். அரிப்புக் கடலில் கடைசிப் பெருஞ்சலாபம் 1925 ஆம் ஆண்டில் நடந்தது. அதன்பின் பார்கள் எப்போதாவது பூத்தாலும், பழைய விலை தருவாரில்லை. அக்கரையில் தூத்துக்குடிப் பார்களில் 1955 முதல் 1961 வரை தொடர்ந்து குளிப்பு நடந்து ஓய்ந்தது.

மன்னார்க் குடாவின் சிப்பியில் கத்தி பட்டது அதற்குப் பின்னரே, அதுவும் தமிழகக் கரையில். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த டாக்டர் அழகர்சுவாமி, தூத்துக்குடிக்கு வடக்கேயுள்ள வேப்பலோடையில், 1973 ஆம் ஆண்டில் இந்தியாவின் முதல் உருண்டை வளர்ப்பு முத்தை விளைவித்தார். ஜப்பானியர் பல்லாண்டு மறைத்துவைத்திருந்த கைப்பழக்கத்தைத் தம் சோதனைகளாலேயே கற்றுத் தேற வேண்டியிருந்தது. 1981 ஆம் ஆண்டில் சிப்பிக் குஞ்சுகளைத் தொட்டியிற் பொரிக்கச் செய்யும் முறையும் தூத்துக்குடியில் கைவந்தது. நம் கடலின் வெப்பத்தால் முத்துப்பூச்சு ஜப்பானைவிட விரைவாகப் படிகிறதென்பதும், சிறு மணிகள் சில மாதங்களிலேயே மூடிக்கொள்கின்றன என்பதும் அப்போது தெரிந்தன. அந்தச் சிப்பி அரிப்புச் சிப்பியின் இனமேதான்; இடையே இருப்பது கடலின் சிறு அகலம்.

அப்படியாயின் அரிப்பில் ஏன் செய்யவில்லை என்று கேட்பவர்கள், அரசாங்கங்களின் அசிரத்தையையும், பின்வந்த நீண்ட யுத்தத்தால் அரிப்பை உள்ளடக்கிய முசலிப் பகுதி மக்கள் இடம்பெயர்ந்து அலைந்ததையும் காரணமாகச் சொல்லுவார்கள். இரண்டும் உண்மை. எனக்குப் படும் காரணமோ இன்னும் பழையது. கீறிய சிப்பிக்குக் கீறலோடு வேலை முடிவதில்லை. அதைக் கூடையிலிட்டுத் தெப்பத்தின் கீழ் தொங்கவிட்டு, காயம் ஆறி மணியைப் பை மூடும்வரை, அலையடிக்காத நீரில் நோயாளியைப்போல் கிடத்த வேண்டும். ஜப்பானியருக்கு மலைகள் சூழ்ந்த அமைதியான குடாக்கள் இருந்தன. தூத்துக்குடியிலுங்கூட, திறந்த கடலில் தெப்பங்கள் அலைக்கழிந்தமையால் துறைமுக அணைக்குள் ஒதுங்க நேர்ந்தது. அரிப்புக்கு முன்னே அணையுமில்லை, தீவுமில்லை. ஹேர்ட்மன் தம் அறிக்கையில் எழுதிய அதே தென்மேற்குக் காற்று வைகாசியில் எழுந்து புரட்டாசிவரை அந்தக் கரையை நேராக மோதுகிறது. மாரியில் அருவியாறு பெருகினால் கரையோர நீரில் உப்புக் குறைந்து சேறு கலக்கிறது. இன்று அவ்வூராரும் சிலாவத்துறையாரும் காற்றுக் குழாய் பூட்டிக்கொண்டு குளிப்பது சங்குக்கும் கடலட்டைக்கும். முத்து வளர்க்கத் துணிந்து யாரேனும் அங்கே வந்தால், கத்தி பிடிக்க ஆள் தேடுமுன் கல்லணை ஒன்றுக்குச் செலவு எழுத வேண்டியிருக்கும்.